மூன்றாம் சரணம்

"பதினாறு ஏழு நூத்திப் பன்னெண்டு, பதினாறு எட்டு நூத்தி இருபத்தெட்டு..."

முழங்காலில் நின்றபடியே ஜெக்கரியா வாத்தியார் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் வேதாகமம். ஜெபத்துக்குக் கூப்பிய கைகள் இப்போது காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தன. பாட்டு வந்துகொண்டிருந்தது. அதை அடித்து விரட்ட, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் வேறு ஆயுதம் இல்லை.

வந்தது காது வழியாக அல்ல. அதனால் பொத்தியும் பயனில்லை. பதினாறு ஒன்பதில் அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் பல்லவி முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலை முடிந்தது, கை கழுவி வருகிறேன்,
வீட்டுக்கு வாவென்ற ஆண்டவரே.

அவர் கேட்டது இது அல்ல. 'கர்த்தாவே, அடுத்த அறையில் கிடக்கிற என் அக்கா மார்த்தாளை எழுப்பி உட்கார வையும்' என்றுதான் கேட்டார். அந்த ஜெபம் பாதி போவதற்குள் இப்படி ஒரு பதில். 'வருகிறேன்' என்று சொல்வது யாருடைய குரல் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பாத்திரம் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி அக்கா சொல்கிற குரல்தான்.

ஜெக்கரியா பதினாறு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார்.

சீர்காழிக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் வேதக்கோயில் கோபுரம் மட்டும் கொஞ்சம் அதிகமாக வளர்ந்துவிட்ட சிற்றூர் அது. அங்கே லுத்தரன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் இறந்தாலும் பெட்டியை மூடுவதற்கு முன் அவருக்கென்று புதிதாகக் கட்டிய பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். கட்டுவது ஜெக்கரியா. பாட்டுக்கு மூன்று சரணம். முதல் சரணத்தில் இறந்தவரின் குணநலன்கள் வரும். இல்லாத குணங்களுக்கு ஓரிரு வரி கூடுதலாகவே கிடைக்கும். இரண்டாம் சரணத்தில் பாடுகளும் நோயும். மூன்றாம் சரணத்தில் வாசல் திறந்து, ஆத்துமா பொன் வீதியில் நடந்து உள்ளே போய்விடும். அண்ணன் தம்பிகளை வரப்புக்காகக் கோர்ட்டுக்கு இழுத்தவர்கூட ஜெக்கரியாவின் பொன் வீதியில் தடையில்லாமல் நடந்திருக்கிறார்.

"எப்படி வாத்தியாரே இப்படி எழுதுறீங்க?" என்று யாராவது கேட்டால் அவர் உத்தரத்தைப் பார்ப்பார்.

"நான் வெறும் பேனா. எழுதுறவரு மேல இருக்காரு. முழங்கால்ல நின்னா அவரு குடுப்பாரு. கர்த்தர் குடுக்குறத வேணாம்னு சொல்ல நம்ம யாரு?"

பேனாவுக்கு விசிட்டிங் கார்டு இருந்தது. 'ஆவியானவர் அருளும் அடக்கப் பாடல்கள்' என்று நீல எழுத்தில் அச்சிட்டு, ஓரத்தில் ஒரு புறாவும் போட்டிருந்தார்.

வினை விமானத்தில் வந்தது. பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனபிறகு, சாகிறவர்கள் அவர்களுடைய லீவுக்குள் செத்தாக வேண்டும் என்றாகிவிட்டது. எல்லாம் முன்கூட்டியே தயாராக வேண்டும்: பெட்டி, பந்தல், வீடியோக்காரன், கடைசியில் பாட்டும். முதலில் கேட்டது கோயில் கணக்கர் இராஜாங்கத்தின் பிள்ளைகள். அப்பா இழுத்துக்கொண்டிருக்கிறார், பாட்டு ரெடியாக இருக்கட்டும் என்றார்கள். ஜெக்கரியா முழங்காலில் நின்றார், வந்தது, எழுதினார். மூன்றாம் சரணத்தின் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டபோது போன் அடித்தது, இராஜாங்கம் போய்விட்டார் என்று. அடுத்தது பழைய நர்ஸ் அம்மாள். அங்கேயும் அப்படியே. மூன்றாவதாக ஒருவர். அதற்குப்பின் வாத்தியார் நோயாளி வீட்டுப் படியேறினால், அந்த வீட்டம்மாள் வாசலிலேயே வந்து நின்றுகொள்வாள். "அவருக்கு இப்ப ரொம்பத் தேவலை வாத்தியாரே. நீங்க எதுக்கு வெயில்ல? போய்ட்டு வாங்க."

தற்செயல் என்று அவர் சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தன் ஜெபம் இத்தனை விரைவாகப் போய்ச் சேருவதில் யாருக்குத்தான் பெருமை இருக்காது. சேருமிடத்தில் சொந்த அக்கா படுக்கும்வரை.

கொல்லைப்புறத்தில் அடிபம்பில் அக்காவின் மகன் ஆல்பின் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான். பஹ்ரைனில் ஏசி மெக்கானிக். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்னதும் கிடைத்த விமானத்தில் வந்தவன்.

"ஜெபம் பண்ணீங்களா மாமா?"

"பண்ணேன்."

"ஏதாச்சும் வந்துச்சா?"

"அக்கா எந்திரிச்சு உக்காரணும்னு கேட்டேன்டா."

"அது சரி. பாட்டு?"

"வரல."

"வாய்ப்பாடு சொன்னீங்களே."

ஆல்பின் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினான்.

"அப்பா அடக்கத்துக்கு நான் வரல மாமா. வீடியோ கேசட்லதான் பாத்தேன், ரூம்ல எல்லாரும் ஷிஃப்ட்டுக்குப் போனப்பறம். பொட்டிய மூடுற எடத்துல கரண்டு போயிருக்கு. அடுத்த சீன்ல எல்லாரும் பந்தில உக்காந்து சாப்புடுறாங்க. மூடுனத நான் பாக்கவே இல்ல. இன்னைக்கும் அவரு எங்கயோ டவுனுக்குப் போயிருக்காருன்னுதான் தோணுது."

"அம்மாவுக்கு நீ இருக்கியேடா."

"ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டு மாமா." அவன் குரல் இறங்கியது. "ஒரு தரம் தள்ளியாச்சு. இன்னொரு தரம் தள்ளுனா அங்கயே இருந்துக்கன்னுட்டான் மேனேஜரு. வீட்டுல ஜாஸ்லினுக்கு வேற இது பேறுமாசம்."

"அதுக்கு?"

"ஒண்ணும் தப்பா கேக்கல. வர்றத தடுக்காதீங்க. அவ்ளோதான்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். "கர்த்தர் குடுக்குறத வேணாம்னு சொல்ல நம்ம யாரு? நீங்க சொல்றதுதான்."

தன் வசனம் இன்னொருவர் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு கேவலமாக ஒலிக்கும் என்பதை ஜெக்கரியா அன்றுதான் கேட்டார். மருமகனின் கண்களைப் பார்த்தார். கெட்டவன் அல்ல. அம்மாவின் காலை மடியில் வைத்து விடிய விடியத் தேய்த்துவிடுகிறவன். ஆனால் அவன் கேட்டது பாட்டை அல்ல. அது இருவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததும் இருவருமே பயந்து வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஜெபத்தில்தானே பாட்டு வருகிறது, ஜெபத்தையே நிறுத்திவிட்டால்? 'இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்' என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் அன்று கஞ்சியை ஸ்தோத்திரம் சொல்லாமல் குடித்தார். முழங்கால் மடங்கிவிடுமோ என்று உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே குடித்தார். பயனில்லை. இரண்டாவது மடக்கில் முதல் சரணம் வந்தது.

நாற்று நட்ட கை இது, சோறு வடித்த கை இது,
நன்றி கேட்டதில்லையே, நாயகா பார்த்துக்கொள்.

வைக்கோல் பிடுங்கப் போன இடத்தில் இரண்டாம் சரணம் வந்தது. அதில் நோய் இருந்தது, ஆனால் புலம்பல் இல்லை. பரமும் பொற்கிரீடமும் இல்லை. நாற்பது வருஷமாக அவர் கட்டிய பாட்டுகள் எல்லாம் ஒரே தையல்காரன் தைத்த அங்கிகள், யார் செத்தாலும் பொருந்தும். இது அக்காவுக்கு மட்டும் பொருந்தியது. வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதை இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தார். எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது! மயிர்க்கூச்செறிந்தது. முகம் தானாக மலர்ந்தது.

மலர்ந்தது தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா சாகிறாள், நான் சந்தோஷப்படுகிறேன். இதைக் கொடுப்பவர் யார்? இத்தனை வருஷம் கொடுத்தவர்தானா? வைக்கோலைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குள் ஓடினார். அக்காவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, மூன்றாம் சரணம் இன்னும் வரவில்லை.

செல்லதுரை ஐயர் திருவிருந்துப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். லுத்தரன் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். செல்லதுரை ஐயர் இரண்டு பேர் இருக்கும் அறையிலும் இருநூறு பேருக்கான குரலில்தான் பேசுவார். அங்கி வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, கைகளை விரித்தார்.

"சகோதரி மார்த்தாள் அம்மையார் இதோ, மகிமையின் வாசலண்டை நின்றுகொண்டிருக்கிறார்கள்!"

கண்ணை மூடியிருந்த மார்த்தாளின் உதடு அசைந்தது. "வாசல்ல நீங்கதான் நிக்கிறீங்க ஐயரே. காத்து வர மாட்டேங்குது. செத்த தள்ளி நில்லுங்க."

ஆல்பினின் மனைவி ஜாஸ்லின் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஐயர் தள்ளி நின்றார். அப்பமும் திராட்சரசமும் கொடுத்து முடித்து, போகும்போது ஜெக்கரியாவை ஓரமாக இழுத்தார்.

"அடக்க ஆராதனை முறை அச்சாகுது. அச்சாபீஸ்ல பாட்டுக்கு எடம் விடச் சொல்லியிருக்கேன். மூணு சரணம்தானே?"

"அக்கா உசுரோட இருக்காங்க ஐயரே."

"தெரியும் தெரியும். தேதிக்கும் எடம் விட்டுருக்கு."

ஐயர் போனார். ஆல்பின் போனில் ஐஸ் பெட்டிக்காரனிடம் ஏதோ தாழ்ந்த குரலில் பேசப் போனான். அறையில் அக்காவும் தம்பியும் மட்டும்.

"டேய் ஜெக்கு."

"என்னக்கா?"

"ரிடையரான பொறவு யாருக்குடா வாய்ப்பாடு நடத்துற?"

"சும்மாதான்."

"பாட்டு வந்துருச்சா?"

"இல்லக்கா."

"பொய் சொல்றப்ப மட்டுந்தான் நீ அக்கான்னு இவ்ளோ பாசமா கூப்புடுவ. பாடு."

"வேணாம்."

"நான் செத்தப்பறம் ஊரே கேக்கும். எனக்கு மட்டும் கேக்காது. இது என்னடா நாயம்? பாடு."

அவர் பாடினார். வெளியே கேட்டுவிடாத குரலில், பல்லவியும் முதல் சரணமும். மற்றவர்களின் அடக்கத்தில் அவர் பாடும்போது, வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்க்க நடுவில் எழுந்து போய்விடுகிறவள் அக்கா. இப்போது எழுந்து போக முடியவில்லை. முழுசாகக் கேட்டாள்.

"நாத்து நட்ட கையா? நான் எப்படா நாத்து நட்டேன்?"

"ஒரு இதுக்குக்கா..."

"வரப்புல நின்னு நட வச்சேன். நட்டவளுவோ எல்லாம் அடக்கத்துக்கு வருவாளுவோ. கேட்டா சிரிப்பாளுவோ. மாத்து."

"'நட வைத்த'ன்னா சந்தம் இடிக்குதுக்கா."

"இடிச்சா இடிக்கட்டும். அங்க போயி நான் பொய் சொன்னவளா நிக்கணுமா?" மூச்சு வாங்கினாள். "ஆனா நல்லாருக்கு. கை கழுவிட்டு வர்றேன்னது நல்லாருக்கு. மூணாவது?"

"வரல."

"வரலையா, நீ வரவிடலையா?"

அவர் கட்டில் சட்டத்தைப் பார்த்தார்.

"எல்லாம் எனக்குத் தெரியும்டா. இராஜாங்கத்துலேருந்து ஊரு என்ன பேசுதுன்னு தெரியும். ஒன் மருமவன் எதுக்காக ஒன் பின்னாலயே சுத்துறான்னும் தெரியும். அவனத் திட்டாத. பாவம், பொழைக்கணும்."

"அதெல்லாம் தற்செயல்க்கா."

"தற்செயலுன்னா எழுத வேண்டியதுதானே?"

மின்விசிறி சுற்றியது.

மார்த்தாள் தலையை மெல்லத் திருப்பினாள். "எனக்குப் பயமா இருக்குடா."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தொழுவத்தில் நல்லபாம்பை உலக்கையால் அடித்தவள். வெள்ளத்தில் வயலுக்கு நடுவே நின்று மடையைத் திறந்துவிட்டவள். அம்மா செத்தபோது அழாமல், இவருக்கு மூக்கைச் சிந்திவிட்டவள்.

"எதுக்குக்கா பயம்?"

"கண்ண மூடுனா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. இருட்டாக்கூட இல்ல. ஐயரு மகிமைங்குறாரு. அவரு போயா பாத்துட்டு வந்தாரு? நீதான் தெனம் அவர்ட்ட பேசுற. கேட்டுச் சொல்லு." அவள் கை அவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. "மூணாவது சரணத்துலதானே எல்லாரையும் கொண்டு சேப்ப? என்னை எங்கடா சேக்குற?"

ஜெக்கரியா முழங்காலில் விழுந்தார். காலையிலிருந்து கதவைச் சாத்திப் பிடித்திருந்த மனிதர், இப்போது அதைத் தானே இழுத்துத் திறந்தார். கேட்டார். விசிட்டிங் கார்டு இல்லாமல், உத்தரத்தைப் பார்க்காமல், நெற்றியைக் கட்டில் சட்டத்தில் முட்டிக்கொண்டு கேட்டார். எழுதினால் இவள் போய்விடுவாள். எழுதாவிட்டால் இப்படிப் பயந்துகொண்டே போவாள். எது வேண்டுமானாலும் ஆகட்டும், ஒரு வரி, ஒரே ஒரு வரி கொடும்.

வரவில்லை.

விரட்டியபோது முண்டியடித்துக்கொண்டு வந்தது, கூப்பிட்டபோது அந்தப் பக்கம் ஆளே இருப்பதாகத் தெரியவில்லை. அவர் வாய் பழக்கத்தில் பழைய சரக்கை எடுத்தது.

"பொன் வீதி..."

"அது வேணாம். நம்ம ஊரு வெயிலுக்குத் தங்கத்துல கால் வச்சா கொப்புளிச்சுரும். அங்க செருப்புப் போட விடுவாங்களா?"

"அக்கா, ஒண்ணும் வரலக்கா." புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "சத்தியமா வரல. கேட்டுப் பாத்துட்டேன்."

மார்த்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயப்படுகிற இரண்டு பேரில் மூத்தவள் என்கிற ஞாபகம் அவளுக்கு வந்தது போலிருந்தது.

"சரி, அழாத. மெட்டு வருதுல்ல?"

"வருது."

"அதப் பாடு. வார்த்த வர்றப்ப வரட்டும்."

அவர் முனகத் தொடங்கினார். சரணத்தின் மெட்டு மேலே ஏறி, பல்லவிக்கு இறங்கி வரும். இறங்கினால் முடிந்துவிடும். அதனால் அவர் இறங்கவில்லை; இறங்கப்போகும் இடத்திலிருந்து மறுபடி மேலே எடுத்தார். அக்காவின் ஆள்காட்டி விரல் அவர் மணிக்கட்டில் தாளம் போட்டது. போடும்வரை பயமில்லை. மெட்டை முடிக்காமல் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இழுக்கத் தன்னால் முடியும் என்று தோன்றியது.

வீட்டுக்குப் பின்னால் வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. அதன் இரைச்சல் அருகே வந்து, மறுபடி தூரப் போனது. ஜாஸ்லின் வந்து கால்மாட்டில் நின்றாள். ஆல்பின் கதவருகே நின்றான். கொஞ்ச நேரத்தில் ஐயரும் ஈரம் காயாத அச்சுத் தாளோடு வந்தார்.

"வாத்தியாரே, மூணாவது சரணம் மட்டும்..." என்று ஆரம்பித்து, முதல்முறையாக அந்த அறைக்கேற்ற அளவுக்குக் குரலைக் குறைத்து, பின் அதையும் நிறுத்திக்கொண்டார்.

விரல் மெதுவானது. ஜெக்கரியா மெட்டையும் மெதுவாக்கினார். விரல் ஒரு தட்டைத் தவறவிட்டது. அவர் அந்த ஸ்வரத்திலேயே நின்று, மூச்சைப் பிடித்து, தவறிய தட்டுக்காகக் காத்திருந்தார். வந்தது. அடுத்ததற்கும் காத்திருந்தார். நெஞ்சு வலிக்கும்வரை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தார். பிறகு காத்திருக்காதவர்போல மறுபடி மேலே எடுத்துப் பாடினார்.

ஜாஸ்லின் குனிந்து மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள்.

"மாமா."

அவர் நிறுத்தவில்லை.

"மாமா, அத்தை போய்ட்டாங்க."

அவள் மார்த்தாளின் விரல்களை அவர் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவர் தலையைத் தூக்கியபோது கதவருகே நின்ற ஆல்பினின் முகம் தெரிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்து நின்றிருந்தது. ஜெக்கரியா அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை ஆல்பினும் பார்த்துவிட்டான். சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"மாமா... நான்... நான் அப்படி..."

ஜெக்கரியா முனகலை விடாமல் முழங்காலாலேயே நகர்ந்து, கட்டிலோரம் கொஞ்சம் இடம் விட்டார். அவன் வந்து பக்கத்தில் மண்டியிட்டான். மெட்டு அவனுக்குத் தெரியாது. மாமாவின் குரலுக்கு ஓரடி பின்னால், தடுமாறிக்கொண்டே சேர்ந்து முனகினான். ஐயர் அச்சுத் தாளை நான்காக மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

துக்கம் தெரிந்து யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பின்னால் இரைச்சல் அடங்கிவிட்டது. ஜன்னல் வழியே பாதி அறுத்த வயல் தெரிந்தது. அதுவரை இயந்திரத்தின் பின்னாலேயே நடந்து வந்த கொக்குகள், அது நின்றுவிட்டதும், அரிதாளில் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன.